நடுமூளையைத் திறக்க வாற ஆக்களுக்கு என்ட சுளகு

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை ஒங்கட பேப்பரை விரிச்சா உள்ளுக்குள்ள இருந்து ஒரு கலர் நோட்டீஸ் மடியில விழுந்திச்சு. அது நீங்க அச்சடிச்சது இல்லயெண்டு எனக்குத் தெரியும், பேப்பர் போடுற தம்பிட கையில ஆரோ கொஞ்சக் காசைக் குடுத்து மடிச்சு வைக்கச் சொல்லியிருப்பாங்க, ஆனா பேப்பருக்குள்ள இருந்து விழுறதால எங்கட சனம் அதையும் பேப்பர் சொன்ன கதையாத்தான் எடுக்கும், அதனாலதான் ஒங்களுக்கு எழுதுறன். நோட்டீஸ்ல பெரிய எழுத்துல போட்டிருக்கு, மனிசன் மூளையில 10 வீதத்தைத்தான் பாவிக்கிறானாம், மிச்சம் 90 வீதமும் நித்திரையாம், ஐன்ஸ்டீனே இதைச் சொல்லியிருக்காராம், ரெண்டு நாள் வகுப்புக்கு வந்தா புள்ளட நடுமூளையை ஆக்டிவேட் பண்ணி விடுவாங்களாம், மறுகா புள்ள கண்ணைக் கட்டிக்கிட்டே புத்தகம் வாசிக்குமாம், அஞ்சாம் ஆண்டு ஸ்கொலர்ஷிப் சோதனை எல்லாம் தண்ணிபட்ட பாடாம். கட்டணம் 25,000 ரூபா. முதல்ல வாற 20 பேருக்குக் கழிவு வேற.

நான் 31 வருஷம் விஞ்ஞானம் படிப்பிச்ச ஆள் ஐயா. அதுல கனகாலம் வாவிக்கு அங்கால படுவான்கரைப் பக்கம், 2014ல மண்முனைப் பாலம் திறக்க முதல், விடியச் சாமம் எழும்பி பாதையெண்டு நாங்க சொல்ற மிதவைப் படகில சைக்கிளையும் ஏத்திக்கிட்டு வாவியைக் கடந்து போய்ப் படிப்பிச்சனான். நோட்டீஸைக் கசக்கி அடுப்புக்குள்ள போட்டிட்டுப் பேசாம இருந்திருப்பன். ஆனா அதைக் கண்டதும் என்ட மகள் அடுப்படியில நிண்டு ஒரு மாதிரி முழிச்சா. கேட்டுப் பாத்தா, பேரன் போன மாசமே அந்த வகுப்புக்குப் போய் வந்திட்டானாம், எனக்குச் சொன்னா நான் சண்டை பிடிப்பன் எண்டு ஒளிச்சு வச்சிருக்காங்க. காசு கட்டினது மருமகன் வெளிநாட்டில இருந்து அனுப்பினது.

சரி நடந்தது நடந்திட்டு, செய்து காட்டு மனே எண்டு கேட்டன். அவனுக்குப் பத்து வயசு. வகுப்பில குடுத்த கறுப்புத் துணியை மகள் கொண்டு வந்து கட்டி விட்டா, ஒரு மூண்டாம் ஆண்டுப் புத்தகத்தை மடியில வச்சான், மூக்குக்கிட்ட கொண்டு போய் மணந்து பாக்குற மாதிரி ஒரு பாவனை செய்தான், தலையைக் கொஞ்சம் மேல தூக்கினான், மறுகா வாசிச்சானே ஐயா, ஒரு எழுத்தும் பிழைக்காம. மகள் கை தட்டுறா, பக்கத்து வீட்டுப் பொம்புளயள் வந்து வாயில கை வச்சுக்கிட்டு நிக்காங்க. நான் ஒண்டும் பேசல்ல. கோடிக்குள்ள கிடந்த சுளகை எடுத்து அவன்ட நாடிக்குக் கீழ, கழுத்தோட ஒட்டினாப்போல படுக்கையாப் பிடிச்சன், புத்தகம் சுளகுக்குக் கீழ. இப்ப வாசி மனே எண்டன். சத்தமில்ல. புத்தகத்தை எடுத்து அவன்ட நெத்திக்கு நேரா உசத்திப் பிடிச்சன். அதுவும் வாசிக்க ஏலாமப் போச்சு. மகள் சொல்றா, அம்மப்பா பயப்புடுத்துறதால புள்ளைக்கு சக்தி வருதில்லயாம்.

ராவு படுக்கைக்குள்ள வந்து என்ட காதுக்குள்ள சொன்னான், "அம்மப்பா, மூக்குப் பக்கத்தால கீழ ஒரு ஓட்டை தெரியும், அதால பாக்குறதுதான், வெளிய சொன்னா சக்தி போயிரும் எண்டு மிஸ் சொன்னவ." 25,000 ரூபாவைக்கூட விடுங்க. பத்து வயசுப் புள்ளைக்கு ரெண்டு நாளில பொய் சொல்லப் பழக்கி, அந்தப் பொய்க்குத் தாயையும் கை தட்ட வச்சிருக்காங்க, அதுதான் எனக்கு அண்டைக்கு நித்திரையே இல்லாமப் பண்ணினது.

இப்ப விஷயத்துக்கு வாறன். நடுமூளை நடுமூளை எண்டு சொல்றாங்களே, அது என்ன பூட்டிக் கிடக்குற அறையா? மூளைக்குக் கீழ, முண்ணாணோட சேர்ற தண்டுட மேல்பக்கம் ரெண்டு சென்ரிமீற்றர் அளவில இருக்குற துண்டுதான் நடுமூளை. அது தாய்ட வயித்துக்குள்ளயே வேலையைத் தொடங்கிட்டு. பின்னால ஒரு சத்தம் கேட்டா நீங்க சட்டெண்டு கிறுகிப் பாக்குறீங்க இல்லயா, கண்ணில வெளிச்சம் அடிச்சா கண்மணி சுருங்குது இல்லயா, பந்து வாறத்துக்குக் கண் பின்னால ஓடுது இல்லயா, இதுக்கெல்லாம் நடுமூளை வேணும். காலையில கண் முழிச்சு உசாரா இருக்குறதுக்கும் அந்தத் தண்டுப் பக்கம்தான் ஆள். அங்க பலமா அடிபட்டா மனிசன் நினைவில்லாமக் கிடப்பான். அப்ப இந்த வகுப்புக்கு நடந்து வாற புள்ள ஒவ்வொண்டும் நடுமூளை திறந்துதான் வருது, திறக்காத புள்ளையைத் தூக்கிக்கிட்டு அவசரப் பிரிவுக்கெல்லோ ஓடவேணும்.

நடுமூளை கொஞ்சம் வேலை குறைஞ்சா எப்பிடி இருக்கும் எண்டு பாக்க ஆசையெண்டா எங்கட ரோட்டில ஒரு வயசாளி இருக்கார், நடுக்குவாதம். நடுமூளைக்குள்ள கறுப்பா ஒரு பட்டை இருக்கு, அந்தக் கலங்கள் டோபமின் எண்ட ஒரு சாமானைச் செய்து மேல அனுப்புது, அந்தக் கலங்கள் பாதியளவு செத்த பிறகுதான் வெளிய நடுக்கமே தெரிய வருது, அதுமட்டும் உள்ள இருக்குற மிச்சம் எப்பிடியோ சமாளிச்சிருக்கு. பிளேன்ரீக் கோப்பையை வாய்க்குக் கொண்டு போறத்துக்குள்ள அரைவாசி சாரத்தில ஊத்திரும் அவருக்கு. 1817ல ஜேம்ஸ் பார்க்கின்சன் எண்ட லண்டன் டொக்டர் இந்த நோயை எழுதினவர், டோபமின்ட வேலையைக் கண்டுபிடிச்ச கார்ல்சனுக்கு 2000ம் ஆண்டு நோபல் குடுத்தாங்க. அவ்வளவு பெறுமதியான இடத்தை ரெண்டு நாளில மியூசிக் போட்டுத் திறக்குற ஆக்கள் எங்கட ஊரில இருக்காங்களாம்.

அடுத்தது 10 வீதக் கதை. இது நோட்டீஸ்காரன் கண்டுபிடிச்சது இல்ல, நான் சின்னப் புள்ளயா இருக்கக்குள்ளயே கேட்ட கதை, படிச்ச ஆக்களே சொல்லுவாங்க, என்னோட படிப்பிச்ச ஒரு மாஸ்டரும் அசெம்பிளியில சொன்னவர், நானும் முகத்துக்காகப் பேசாம நிண்டனான், அது என்ட பிழை. ஐன்ஸ்டீன் அப்பிடிச் சொன்னதுக்கு ஒரு எழுத்தும் இல்ல. ஐன்ஸ்டீன்ட மூளையைப் பத்தித் தெரிஞ்சது வேற கதை, அவர் 1955ல பிரின்ஸ்டன் ஆஸ்பத்திரியில செத்த நேரம் போஸ்ட்மோட்டம் செய்த ஹார்வி எண்ட டொக்டர் மூளையை எடுத்து வச்சுக்கொண்டார், நிறுத்தா 1,230 கிராம், ஒரு சாதாரண ஆம்புள மூளையை விடவும் கொஞ்சம் குறைவு, அதை 240 துண்டளவில வெட்டிப் போத்தலில போட்டு வருஷக்கணக்கா வச்சிருந்தார். பாவம் மனிசன், செத்த பிறகும் ஆறுதலா இருக்க விடல்ல, இப்ப எங்கட பக்கத்து ரியூஷன் நோட்டீஸ் வரைக்கும் வந்திட்டார்.

ஒரு கணக்குப் பாருங்க. ஒரு ஆள்ட பாரத்தில மூளை 2 வீதம்தான், ஆனா ஒடம்பு சும்மா இருக்கக்குள்ளயும் செலவழிக்கிற சக்தியில 20 வீதம் அதுக்குப் போகுது. ஒரு வீட்டில அஞ்சு பேருக்குச் சமைச்ச சோத்தில ஒருத்தன் தன்ட ஒரு பங்கை முழுசாச் சாப்பிட்டு, பத்தில ஒம்பது பங்கு நேரம் படுத்துக் கிடந்தா அந்த வீட்டில அவனை வச்சிருப்பாங்களா? ஒடம்பு அப்பிடிச் சும்மா சாப்பாடு போடுற ஆள் இல்ல. பாவிக்காத தசையே மாசம் ஒண்டில வத்திப் போகுது, கை உடைஞ்சு பிளாஸ்டர் போட்டு எடுத்த ஆக்களுக்கு அது தெரியும். ஸ்கேன்ல பாத்தாலும் ஒரு நாளைக்குள்ள மூளையில வேலை செய்யாத மூலை எண்டு ஒண்டு இல்ல, எல்லாம் ஒரே நேரத்தில ஒரே உச்சத்தில ஓடுறதில்ல, அவ்வளவுதான், எல்லாம் ஒண்டா உச்சத்தில ஓடினா அதுக்குப் பேர் வலிப்பு.

ஆனா எனக்கு இந்தக் கணக்கை விட என்ட மனிசிட அண்ணன்ட கதைதான் கண்ணுக்கு முன்னால நிக்குது. அவர் கூத்துப் பழக்குற அண்ணாவியார், வடமோடிக் கூத்து. மத்தளத்தைக் கழுத்தில போட்டா விடியும் மட்டும் இறக்க மாட்டார், கூத்துக் கொப்பி முழுக்க மனப்பாடம், களரியில ஆராவது ஒரு சொல்லை விட்டா அங்க இருந்தே கண்ணால உருட்டுவார். ஒரு நாள் காலையில பல்லுத் தீட்டக்குள்ள பிறஷ் கையில இருந்து விழுந்திட்டு. வாய் ஒரு பக்கம் கோணி, வலக்கை தொங்குது. வீட்டு ஆக்கள் காத்துப் பட்டுட்டு எண்டு சொல்லி எண்ணெய் போட்டுத் தேச்சு, வேப்பிலை அடிச்சு, பின்னேரம்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. பாரிசவாதம். இடப்பக்க மூளைக்கு ரத்தம் போற ஒரு குழாயில கட்டி அடைச்சிட்டு. மூளையில இருந்து இறங்குற நரம்புகள்ல முக்கால்வாசிக்கு மேல தலைக்கும் கழுத்துக்கும் பொருந்துற இடத்தில இடம் வலம் மாறித்தான் இறங்குது, அதால இடப்பக்கம் அடைச்சா வலக்கை விழும். ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி இருக்கு, ஆனா அது தொடங்கின நேரத்தில இருந்து நாலரை மணித்தியாலத்துக்குள்ள போடவேணும், அதுக்கு முதல் ஸ்கேன் எடுத்து ரத்தக்கசிவு இல்லயெண்டு பாக்கவும் வேணும், அந்த நாலரை மணித்தியாலத்தையும் நாங்க எண்ணெய்ப் போத்தலோட கழிச்சிட்டம். பெரிய குழாய் ஒண்டு அடைச்சா நிமிஷத்துக்கு 19 லட்சம் நரம்புக்கலம் சாகுது எண்டு 2006ல ஒரு நரம்பு டொக்டர் கணக்குப் போட்டு எழுதினவர். 90 வீதம் சும்மா கிடக்குதெண்டா அதுல கொஞ்சம் செத்தா என்ன குறையப் போகுது? மச்சானுக்கு செத்தது மூளையில ஒரு சின்ன இடம்தான். ஆனா அந்த இடத்தோட அவர்ட பேச்சு போயிட்டு.

மறுகா அவர் எதைக் கேட்டாலும் "அது அது" எண்டுதான் சொல்லுவார். தண்ணி வேணுமெண்டாலும் அது, மனிசியைக் கூப்புடுறத்துக்கும் அது. எல்லாம் அவருக்கு விளங்கும், வாயில சொல் வராது, கோவத்தில கட்டிலில அடிப்பார். 1861ல பாரிஸ்ல புறோக்கா எண்ட டொக்டரும் இப்பிடி ஒரு ஆளைப் பாத்திருக்கார், அந்த மனிசனுக்கு "டான்" எண்ட ஒரு சொல்லுத்தான் மிச்சம், ஆஸ்பத்திரியிலயே அவருக்கு அதுதான் பேராப் போச்சு. அவர் செத்த பிறகு மூளையைப் பாத்தா இடப்பக்கம் முன்னால ஒரு இடம் பழுது. பேச்சுக்கு மூளையில இடம் இருக்கெண்டு உலகத்துக்குத் தெளிவாத் தெரிய வந்தது அந்த மனிசனாலதான்.

இனி நடந்ததைக் கேளுங்க. ஒரு நாள் பின்னேரம் கோயிலடியில பொடியன்மார் கூத்துப் பழகுறாங்க, மத்தளச் சத்தம் காத்தில வருது. மச்சான் கதிரையில இருந்தபடி வரவுப் பாட்டை எடுத்தாரே பாருங்க! சொல் விடுபடாம, தாளம் தப்பாம, முழு விருத்தமும். மனிசி அகப்பையோட ஓடி வந்து நிலத்தில குந்திட்டா. பாடி முடிச்சதும் மச்சான் தண்ணி வேணுமா எண்டு கேட்டன். "அது அது." பேச்சுட வேலை அநேகமான ஆக்களுக்கு இடப்பக்கம், ஆனா மெட்டோட ஊறின பாட்டுக்கு வலப்பக்கமும் கை குடுக்குது, அதனால பேச்சு போன சில பேருக்குப் பாட்டு மிஞ்சும். 1973ல இருந்து இதை வச்சே மெட்டுப் போட்டுப் பேச்சுப் பழக்குற ஒரு வைத்தியமும் இருக்கு. எங்களுக்கு அது தெரியாது, பேரப்புள்ள ஒண்டுதான் விளையாட்டா "தண்ணி தா, தண்ணி தா" எண்டு தாளத்தில பாடிப் பாடிப் பழக்கினது, ஒரு வருஷத்தில பத்துப் பதினைஞ்சு சொல் வந்திச்சு.

இதே நோட்டீஸ்ல கீழ இன்னொரு புளுகு, இடமூளை கணக்குக்காம் வலமூளை கலைக்காம், ஒங்கட புள்ள எந்த மூளை எண்டு விரல் ரேகை வச்சுப் பாத்துச் சொல்லுவாங்களாம், அதுக்கு வேற காசு. ரெண்டு பக்கத்துக்கும் நடுவில 20 கோடியளவு நரம்பு நார் பாலம் போட்டுக் கிடக்குது ஐயா, கல்லடிப் பாலத்தில திருவிழா நேரம் சனம் போற மாதிரி அதுல செய்தி போய் வந்துகொண்டே இருக்கும். கடுமையான வலிப்புக்காரருக்கு அந்தப் பாலத்தை வெட்டி விட்டாப் பிறகு ஸ்பெரி எண்ட விஞ்ஞானி அந்த ஆக்களைச் சோதிச்சுத்தான் ரெண்டு பக்கத்துக்கும் வேற வேற கெட்டித்தனம் இருக்கெண்டு காட்டினவர், 1981ல நோபல். வெட்டினவனுக்குச் சொன்னதை வெட்டாத புள்ளட தலையில ஒட்டுறாங்க இவங்க.

இவ்வளவும் எழுதிட்டு, அப்ப புள்ள படிக்கிறது எப்பிடித்தான் எண்டு சொல்லாம விட்டா நானும் என்ன வாத்தி. பள்ளிக்கூடத்தில நரம்பு படிப்பிக்கிற கிழமை நான் சந்தையில ஒரு பெரிய கணவாய் வாங்கிக்கிட்டுப் போவன். புள்ளையள் சிரிக்கும், சேர் கறிக்கு வாங்கினதைக் கொண்டு வந்திட்டார் எண்டு. கணவாய் பயந்தா தண்ணியைப் பீச்சிக்கிட்டுப் பின்னால பாயும், அதுக்கு ஒடம்பெல்லாம் ஒரே நேரத்தில சுருங்கவேணும், அதுக்குச் செய்தி கொண்டு போற நரம்பு நார் சில ஜாதியில ஒரு மில்லிமீற்றர் தடிப்பு வரும். எங்கட ஒடம்பு நார் அதுல நூறில ஒரு பங்குகூட அநேகமா வராது. 1936ல யங் எண்ட ஒரு ஆள் அந்த நாரைக் காட்டிக் குடுத்தார், ஹொட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் அதுக்குள்ள மெல்லிய கம்பியை விட்டு கரண்ட் அளந்து 1952ல முழுக் கணக்கையும் எழுதினாங்க, 1963ல நோபல். நாங்க தேங்காய்ப்பால் விட்டுச் சாப்பிடுற சாமானில இருந்துதான் உலகம் நரம்பைப் படிச்சது!

வேலை இப்பிடித்தான். நாருக்கு வெளிய சோடியம் கூட, உள்ளுக்குப் பொட்டாசியம் கூட, அதால உள்ளுக்கும் வெளிக்கும் 70 மில்லிவோல்ற் வித்தியாசம், ஒரு டோர்ச் பற்றரி 1,500 மில்லிவோல்ற் எண்டு பாத்தா இது ஒண்டுமில்ல. செய்தி வந்தா ஒரு வாசல் திறக்குது, சோடியம் உள்ளுக்குப் பாயுது. எங்கட முகத்துவாரத்தில வாய் வெட்டினதும் தண்ணி பிச்சுக்கொண்டு ஓடுற மாதிரி, அங்க வாவி கடலுக்குப் போகுது, இஞ்ச உப்பு உள்ளுக்கு வருது, அதுதான் வித்தியாசம். ஒரு வாசல் திறந்ததும் பக்கத்து வாசலும் திறக்கும், மறுகா அதுக்குப் பக்கத்தில, இப்பிடியே நார் நீளத்துக்கு ஓடும். கொழுப்பு உறை போட்ட தடிச்ச நாரில செக்கனுக்கு 120 மீற்றர் வரைக்கும் ஓடும், உறையில்லாத மெல்லிய நாரில ஒரு மீற்றர் அளவுதான். கால் பெருவிரலைக் கட்டில் காலில அடிச்சா முதல்ல அடிபட்டது தெரியும், ஒரு மூச்சு விட்டுத்தான் அந்த உசிர் போற நோவு வரும், அந்த இடைவெளியில "ஐயோ வரப்போகுது" எண்டு நாங்க காத்துக்கொண்டு நிக்கிறது இதனாலதான்.

அப்பிடிப்பட்ட நரம்புக்கலம் மூளையில 8,600 கோடி. முந்தி 10,000 கோடி எண்டு குத்துமதிப்பாச் சொன்னது, பிறேசில்ல சுசானா எண்ட ஒரு பொம்புள விஞ்ஞானி மூளையைக் கரைச்சு சொதி மாதிரி ஆக்கி, கலத்துக்குள்ள இருக்குற கருக்களை எண்ணி 2009ல எழுதினவ. கலம் ஒண்டை ஒண்டு தொடுறதில்ல, நடுவில மிகச் சின்ன இடைவெளி, அதை ரசாயனச் சாமான்தான் தாண்டுது. ஒரே வழியால செய்தி திரும்பத் திரும்பப் போனா அந்த இணைப்பு பலக்குது, போகாட்டி தளருது. கடல்ல ஒரு பெரிய நத்தை மாதிரி, வெளிய ஓடு தெரியாத பிராணியில கண்டல் எண்ட விஞ்ஞானி இதைக் காட்டி, கார்ல்சனோட சேர்ந்து அதே 2000ம் ஆண்டு நோபல் எடுத்தார். அப்ப வாய்ப்பாடு பாடமாகுறது எண்டா ஒரு கதவு திறக்குறது இல்ல, வயலுக்குள்ள சனம் நடந்து நடந்து ஒத்தையடிப் பாதை விழுற மாதிரி. ரெண்டு நாளில விழாது. காசு குடுத்தாலும் விழாது.

அந்தப் பாதை பலக்குறதுல பெரிய பங்கு நித்திரைக்குள்ளதான் நடக்குது, எலியில பாத்திருக்காங்க, பகல்ல ஓடின வழியை அதுட மூளைக் கலங்கள் நித்திரையில திரும்ப அதே ஒழுங்கில ஓட்டிப் பாக்குது. 6 தொடக்கம் 12 வயசுப் புள்ளைக்கு 9 தொடக்கம் 12 மணித்தியாலம் நித்திரை வேணும் எண்டு நித்திரை டொக்டர்மார் சொல்றாங்க. எங்கட பக்கம் ஸ்கொலர்ஷிப் புள்ளைக்கு என்ன நடக்குது? காலையில அஞ்சு மணிக்கு ஒரு ரியூஷன், பள்ளிக்கூடம், பின்னேரம் ஒண்டு, ராவு எட்டரைக்குத்தான் சோறு, மறுகா மொடல் பேப்பர், பத்தரைக்குப் படுக்கை. கணக்குப் பாருங்க. ஆறு ஆறரை மணித்தியாலம். புள்ள பகல் முழுக்கத் தேடினதைச் சேத்து வைக்க ராவையில நேரம் குடுக்காம, மறதி மறதி எண்டு சொல்லி நடுமூளை திறக்கக் கொண்டு போறாங்க.

என்ட மகளுக்கும் இதைத்தான் சொன்னன், கொஞ்சம் சத்தமாவே சொல்லிட்டன், அவ அழுதிட்டா. அவவில முழுப் பிழையும் இல்ல. மத்தப் புள்ளையெல்லாம் போகுது நம்மட புள்ள மட்டும் பின்னுக்கு நிண்டிருமோ எண்ட பயம்தான், அந்தப் பயத்தைத்தான் நோட்டீஸ்காரன் விக்கிறான். அண்டைக்குக் கோவம் வந்தது வேற ஒண்டுக்கு. மூளையைத் திறக்கிற அந்த வகுப்புக்கு இவனை மோட்டர்சைக்கிள்ல, டாங்க்குக்கு மேல இருத்தி, தலையில ஹெல்மெட் இல்லாமக் கல்முனை ரோட்டால கூட்டிக்கொண்டு போயிருக்காங்க! வகுப்பு வாசலில வந்து நிண்ட சைக்கிள் எல்லாத்திலயும் இதே கதைதானாம், தகப்பன் தலையில ஹெல்மெட், புள்ள தலையில ஒண்டுமில்ல. மூளை தோசை மா மாதிரி மெத்தெண்ட சாமான் ஐயா, ஓட்டுக்குள்ள தண்ணியில மிதந்துகொண்டு கிடக்குது, தலை ரோட்டில அடிச்சா ஓடு நிண்டாலும் உள்ள இருக்குறது நிக்காது, போய் மற்றப் பக்கம் மோதும். 25,000 ரூபாவுக்கு நல்ல சின்ன ஹெல்மெட் எத்தனை வாங்கலாம்? வேளாண்மைக்கு மருந்தடிச்சிட்டு அதே சட்டையோட வந்து புள்ளையைத் தூக்குற தகப்பன்மாருக்கும் இதுல ஒரு சொல், அந்த மருந்தில சிலது பூச்சிட நரம்பில ரசாயனச் சாமான் கரையாமத் தடுத்துத்தான் பூச்சியைக் கொல்லுது, எங்கட நரம்பிலயும் ஓடுறது அதே சாமான்தான், குளிச்சிட்டு வந்து தூக்குங்க.

ஒங்களிட்டக் கேக்குறது ரெண்டே விஷயம். பேப்பருக்குள்ள நோட்டீஸ் வைக்கிற ஏஜென்ட்மாருக்கு ஒரு சொல் சொல்லி விடுங்க, புள்ளட மூளையைத் திறக்கிறம், விரல் ரேகையில படிப்புப் பாக்குறம் எண்டு வாறதை மடிச்சு வைக்க வேணாமெண்டு. மற்றது, பாரிசவாதம் எண்டா என்ன, முகம் கோணினா, கை விழுந்தா, பேச்சுக் குழறினா எண்ணெய்ப் போத்தலைத் தேடாம நேரத்தைப் பாத்து வச்சுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடவேணும் எண்டு மாசத்தில ஒருக்காவாவது ஒரு பெட்டி போட்டு எழுதுங்க, அந்த நாலரை மணித்தியாலக் கணக்கு எங்கட வீட்டுக்கு முதலே தெரிஞ்சிருந்தா மச்சான் இண்டைக்கும் களரியில நிண்டு கண்ணை உருட்டிக்கொண்டிருக்கவும் கூடும்.

வகுப்பு நடத்துற ஆக்கள் இதை வாசிச்சிட்டுக் கோவிச்சா, நல்லா நடத்துறம் எண்டு நிரூபிக்க ஆசைப்பட்டா, எந்த ஞாயித்துக்கிழமையும் எங்கட வீட்டுக்கு வரலாம். புள்ளையையும் துணியையும் அவங்களே கொண்டு வரட்டும். புத்தகம் நான் தெரிவன், சுளகு பேரன் பிடிப்பான், அவன் கேட்டுட்டான் தான்தான் பிடிப்பனெண்டு. கணவாய்க் கறியோட சோறும் தருவம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான வாத்தி ஒருத்தன்,
களுவாஞ்சிகுடி.